பாட்டிலில் ஒட்டிய உங்கள் முகம்

கை கொள்ளாத பச்சை இலைகளோடும் அதைவிடப் பெரிய சிரிப்போடும் வாசல் ஏறி வரும் என் வெள்ளையம்மா மதினிக்கு,

உங்கள் பாக்கியம் எழுதுகிறேன். நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ தடவை மனசுக்குள் உங்களோடு பேசியிருக்கிறேன். காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதி முடித்து இதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். நமக்குள் பேச வேண்டியதை ஊருக்குப் படித்துக் காட்டுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் முகத்தை ஊர் பூராவும் பார்த்தாகிவிட்டது மதினி. சேதியையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்களுக்குத் தெரியாத சேதி அது. உங்கள் முகம் ஒரு பாட்டிலின் மேல் இருந்தது.

சித்திரைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் அண்ணன் உங்களை ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்தாரே, நினைவிருக்கிறதா? கண்ணைச் சிமிட்டக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். நீங்கள் விறைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் படம்தான். அதில் உங்களுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அச்சுக்குப் பிளாக் செய்கிறவரிடம் அதைக் கொடுத்து, கூந்தலை வெளுக்க வைத்து, கன்னத்தில் கோடு கோடாகச் சுருக்கம் போட்டு உங்களைக் கிழவியாக்கிவிட்டார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், 'மூலிகைத் தாய் வெள்ளையம்மாள் சஞ்சீவி டானிக்'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'எண்பது வயதிலும் ஊசியில் நூல் கோத்த அம்மையாரின் கைமுறை'.

எண்பது வயது! முப்பத்து மூன்று வயதில் உங்களைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனோம்.

இதைச் செய்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யாருமில்லை. என்கூடப் பிறந்தவர், உங்களுக்குத் தாலி கட்டினவர். அண்ணன்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்னால் உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டில் கிழவியைத்தான் தெரியும். உங்களைத் தெரியாது.

கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே நான் வெள்ளைச் சேலையோடு வில்லாபுரத்துக்குத் திரும்பி வந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அறுத்தவளுக்கு ஒருவேளைச் சோறும் துவையலும் போதும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் வாயெல்லாம் புண். பொழுது சாய்ந்தால் கண் மங்கி, வாசற்படி எது, தரை எது என்று தெரியாமல் தட்டித் தடவி நடந்தேன். யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. நீங்கள்தான் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தீர்கள். மறுநாளே கண்மாய்க்கரைக்குப் போய் மடி நிறையப் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் பறித்து வந்தீர்கள். கடைந்து, நெய் ஊற்றி, என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வட்டிலில் வைத்தீர்கள்.

"தாலி அறுத்தவளுக்கு நெய்யா?" என்று அம்மா கேட்டது.

"அத்தை, அறுந்தது தாலிதேன். கண்ணு இன்னும் அது பாட்டுக்கு இருக்குல்ல?" என்றீர்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் வாய்ப்புண் ஆறியது. மாலை வெளிச்சத்தில் உங்கள் மூக்குத்தி எனக்குத் தெரிந்தது. பிறகு என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க அனுப்ப வேண்டும் என்று அண்ணனோடு சண்டை போட்டதும் நீங்கள்தான். இன்றைக்கு நான் பேரையூரில், உங்கள் பிறந்த ஊரிலேயே, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா.

உங்களுக்கு மலைச்சரிவில் வளரும் செடி அத்தனையும் தெரியும் என்று ஜனங்கள் சொல்லுவார்கள். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்தில் இருக்கும், சீந்தில் வேலியிலும் வேப்ப மரத்திலும் ஏறிக் கிடக்கும், மலை நெல்லி மார்கழியில் இறங்கும். இப்படி ஒரு பத்துப் பதினைந்து இலைதழைகளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தீர்கள். அவற்றையும் மருந்து என்று சொல்ல மாட்டீர்கள். சோற்றோடு போட்டுப் பிசைந்துவிடுவீர்கள்.

ஒருநாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது நான் கேட்டேன், இந்தக் கீரையும் நெல்லிக்காயும் உடம்புக்குள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது என்று. நீங்கள் நறுக்கிய பூவில் ஒரு பிடியை வெளியிலேயே வைத்துவிட்டு, மற்றதை மோரில் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் வெளியில் இருந்தது கருத்துவிட்டது.

"மோருக்குள்ள கெடக்குறதப் பாரு, வெள்ளையாத்தான இருக்கு? நம்ம ஒடம்புக்குள்ளயும் இப்படி ஒரு கருக்கல் நடந்துக்கிட்டே இருக்கு தாயி. கீரையும் நெல்லியும் இந்த மோரு மாதிரி. வந்தப்புறம் பாக்குறதவிட வராம பாக்குறது லேசு. அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும். அதுக்கு மேல கேட்டா முழிப்பேன்."

அதுக்கு மேல் கேட்டால் முழிப்பேன் என்று சொல்லுகிற வைத்தியரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கீழாநெல்லி கேட்டு வருகிறவர்களிடம் இலையைக் கொடுப்பீர்கள். ஆனால் கண்ணை இழுத்துப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இது என் கையில இல்ல. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்! சிலர் உங்களைத் திட்டிக்கொண்டே போனார்கள். அவர்களில் பலர் பிழைத்து வந்து உங்கள் வாசலில் நின்றார்கள்.

அப்படிப்பட்ட உங்களுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளே நீங்கள் சொன்னீர்கள், "பாக்கியம், இது கசாயத்துக்கு அடங்குற காய்ச்ச இல்ல. என்னைய ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லு." நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் இல கொடுத்தவ ஆஸ்பத்திரியில போயிப் படுத்தா சிரிக்க மாட்டாகளா? ரெண்டு நாள் பாப்போம்" என்றார் அண்ணன்.

நானும் சரி என்று வந்து உங்கள் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டேன். வண்டி கட்டினது ஆறாம் நாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். பத்தாம் நாள் நீங்கள் இல்லை.

அண்ணன் அழுத அழுகையைப் பார்த்து ஊரே அழுதது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாக அழுத மனுஷன்தான் இதையும் செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் போன இரண்டாம் வருஷம் அவர் என்னைத் தேடிப் பேரையூருக்கு வந்தார். "ஒங்க மதினி பேரு நெலைக்கணும் பாக்கியம். அவ கைப்பக்குவத்த பாட்டில்ல அடச்சுக் கொடுத்தா நாலு சனத்துக்கு ஆகும். நீ படிச்சவ. ஒரு நோட்டீசு எழுதிக் கொடு" என்றார். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மலை நெல்லி, கரிசலாங்கண்ணி, சீந்தில், தூதுவளை, கீழாநெல்லி. இரத்தம் சுத்தியாகும், ஈரல் பலப்படும், முதுமை தள்ளிப்போகும், நோய் அண்டாமல் காக்கும். நீங்கள் வாழைப்பூவை வைத்துச் சொன்னதை நான் வாத்தியாரம்மா தமிழில் அலங்காரம் செய்து எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. ஏன் மதினி எனக்குத் தோன்றவில்லை?

முதல் தடவை காய்ச்சியபோது அண்ணன் நேர்மையாகத்தான் செய்தார். மலையடிவாரத்துக்கு ஆள் அனுப்பி இலையும் காயும் கொண்டுவரச் செய்தார். கஷாயம் கசந்தது. வாங்கினவர்கள் இரண்டாம் பாட்டில் கேட்கவில்லை. வெல்லப்பாகு சேர்த்தார். அப்புறம் இலையைக் குறைத்தார். யுத்தம் வந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு ஆனது. இங்கிலீஷ் மருந்து கிடைக்காத ஜனங்கள் எந்தப் பாட்டிலாவது கிடைத்தால் போதும் என்று அலைந்தார்கள். அண்ணன் டானிக் கொட்டாம்பட்டி வரைக்கும் சந்தை சந்தையாகப் போனது. இதெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது நான் பேரையூரில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டு, மதினி பேர் நிலைக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடை லீவுக்கு வில்லாபுரம் வந்தேன். கடை வாசலில் கால் வைத்ததும் அலமாரி முழுக்க நீங்கள். வரிசை வரிசையாக, வெளுத்த தலையோடு, கண்ணில் அந்தப் போட்டோக் கடைத் தண்ணீரோடு.

"என்னண்ணே இது?" என்றேன்.

"கெழவி மொகம் இருந்தாத்தேன் சனம் நம்புது" என்றார் அண்ணன். கண்ணாடியில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னப்பொண்ணு வந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கத்து உழவுச் சம்சாரி வீட்டுப் பெண். கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். கடைக்குள் ஏறியதும் முதல் வேலையாக உங்கள் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு மஞ்சக் காமாலைங்க. சந்தையில வாங்கி மூணு பாட்டிலு குடிச்சாச்சு. கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்கு. இப்ப வயிறு வேற வீங்கிக்கிட்டு வருது."

"ஒரு மண்டலம் முழுசாக் குடிக்கணும்மா. நடுவுல விட்டா சீக்கு திரும்பிக்கிரும்" என்றார் அண்ணன்.

நான் அவளிடம் மெதுவாக, "வயிறு வீங்குனா நீங்க பெரியாஸ்பத்திரிக்குத்தேன் போகணும்" என்றேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியில் உங்கள் படத்தைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. எழுந்து அவள் பின்னால் போகவும் இல்லை.

அவள் போனபிறகு ஒரு பாட்டிலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாகு. அடியில் ஏதோ ஊசிப்போன வாடை. கீழே வைக்கும்போது பாட்டில் சரிந்து என் வெள்ளைச் சேலையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ரெங்காபாயிடம் போனேன். உங்களுக்குத் தெரிந்தவள்தான், நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டுப் பெண். நீங்கள் இருந்தபோது அவளிடம் அவர்கள் சௌராஷ்டிர பாஷையில் நாலு வார்த்தை தப்புத் தப்பாகப் பேசி அவளைச் சிரிக்க வைப்பீர்களே! அவள் சேலையைச் சோப்புப் போட்டுக் கசக்கினாள், சாம்பல் போட்டுக் கசக்கினாள். கறை அசையவில்லை. விளிம்பைப் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்தாள்.

"இது போகாது வாத்தியாரம்மா. இது சாயம். பொறந்ததிலேந்து இதுலதான கையை நனைச்சுக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் யுத்தத்துல சாயப்பொடி கெடைக்காம ஊரூரா அலையறார். நீங்க இதை எங்க போயிக் கொட்டிக்கிட்டீங்க?"

நான் நேரே அண்ணன் கடையின் பின்கட்டுக்குப் போனேன்.

மதினி, அதை உங்களிடம் சொல்லலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு பெரிய அண்டா. அதில் பாகு நுரைத்துக்கொண்டு நின்றது. மேலே ஈ ஒரு படலமாகச் செத்து மிதந்தது. ஓரத்தில் ஒரு பல்லி, ஊறிப் பருத்துப்போய். இலை இருந்தது பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சாக்கு நிறைய இலை இருந்தது. பூஞ்சை பிடித்து மக்கிப்போன இலை. பெயருக்கு ஒரு கை அள்ளிப் போடுவதற்காக வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். ஏதோ வேலித் தழை. கீழாநெல்லியின் இலைக்கு அடியில் காய் வரிசையாகக் கோத்த மாதிரி இருக்குமே, அந்தச் சாக்கு முழுவதும் தேடினேன், ஒன்றுகூட இல்லை. மூலையில் சாயப்பொடித் தகரம். சுவரில் உங்கள் லேபிள்கள் கட்டுக் கட்டாக. மேல் கட்டில் எலி கடித்து உங்கள் கண்ணில் பாதியைத் தின்றிருந்தது.

ஒரு குவளையில் அதை மோந்துகொண்டு கடை முன்பக்கம் அண்ணனிடம் போனேன்.

"நீங்க இதக் குடிப்பீகளாண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன சீக்கா? கத்தாத. கசந்தா எவன் வாங்குவான்? வெளுத்துக் கெடந்தா எவன் நம்புவான்? மலைக்குப் போக ஆளும் கெடைக்கல. ஊருல அவனவன் தண்ணியவே மருந்துன்னு விக்கிறான். நான் பாகாவது ஊத்துறேன்."

"மதினி மொகத்த எடுங்க. இத நிறுத்துங்க."

"சரி சரி, நிறுத்துறேன். ஆடிக்குள்ள நிறுத்திர்றேன். நீ சத்தம் போடாத. குடும்ப மானம் போயிரும்."

நான் நம்பினேன். நம்பினேன் என்று சொல்வதும் சரியில்லை. நம்பிவிட்டால் எனக்கு வேலை மிச்சம் என்று பட்டது. இரண்டு வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து சும்மா இருந்தேன். அந்த அண்டா கொதித்துக்கொண்டேதான் இருந்தது. துடுப்பால் கிளறும் சத்தம் என் அறைக்குள் கேட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னப்பொண்ணு மறுபடி வந்தாள். அவள் நெற்றியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் கடையில் இல்லை. நான்தான் இருந்தேன். அடிக்கப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராக எழுந்து நின்றேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவுக போயிட்டாக வாத்தியாரம்மா. மண்டலம் முடிய எட்டு நாள் இருக்கும்போதே போயிட்டாக. நாங்க குடுத்துவச்சது அம்புட்டுத்தேன். இப்ப எம்மகளுக்குக் கண்ணு மஞ்சளாத் தெரியுது. இவளுக்காச்சும் முழு மண்டலம் குடுத்துர்றேன். ஒரு பாட்டிலு எடுங்க."

"இன்னமுமா இத நம்புற?" என்றேன்.

அவள் அலமாரியைப் பார்த்தாள். "அந்தம்மா மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மொகமாத் தெரியலைங்களே."

உண்மைதானே மதினி? அது பொய் சொல்லுகிற முகம் இல்லைதானே? அதனால்தானே அதை ஒட்டினார்கள்?

அப்போதுதான் எனக்கு அண்ணன் மேல் இருந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. என் நோட்டீஸ், உங்கள் முகம். இந்த இரண்டையும் நம்பித்தான் அந்த மனுஷன் செத்தான். நான் அலமாரியைப் பூட்டினேன். "வா, உன் மகளப் பாக்கணும்" என்று சொல்லி அன்றைக்கே கொட்டாம்பட்டி பஸ் ஏறினேன். போகும்போது ரெங்காபாய் வாசலில் நின்று, "நீயும் வாரியா?" என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய், கொடியில் கிடந்த சாயம் போடாத வெள்ளை நூலில் ஒரு கற்றை, அவர்கள் பேச்சில் ஒரு கழி, எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குக் கொட்டாம்பட்டியில் சந்தை. நான் எதிர்பார்க்காதது, அண்ணனும் அங்கே இருந்ததுதான். புளிய மரத்தடியில் வண்டி நிறைய உங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஜனம். என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது.

ரெங்காபாய்தான் முதலில் போனாள். ஒரு பாட்டிலை எடுத்து மண் சட்டியில் ஊற்றினாள். நூல் கழியை அதில் முக்கினாள். எடுத்து, பக்கத்தில் மாட்டுக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் அலசினாள். பிழிந்தாள். திரும்ப அலசினாள். செக்கச் செவேல் என்று இருந்த நூலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"நாங்க சேலைக்குப் போடறதுதான் இதுவும். நல்லாப் பாத்துக்குங்க. வயித்துக்குள்ள போனாலும் இப்படித்தான் ஒட்டும்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு வயசாளி கேட்டார், "அப்ப இந்தக் கெழவி மருந்து இது இல்லையா?"

பிள்ளைகளைத் தவிர வேறு யார் முன்னாலும் நான் குரல் உயர்த்தினதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

"அது கெழவியே இல்லய்யா. எங்க மதினி அது. முப்பத்து மூணு வயசுல செத்துப் போச்சு. இலதழ தெரிஞ்ச மனுசிதேன். ஆனா தனக்குக் காய்ச்ச வந்தப்ப, மூணாம் நாளே என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுச்சு. நானும் எங்கண்ணனும் ஊரு சிரிக்கும்னு ஆறாம் நாள் கூட்டிட்டுப் போனோம். அந்தச் சாவு எங்க மேல இருக்கு. இந்தப் பாட்டிலுக்கு நோட்டீசு எழுதுனது என் கை. அதுவும் பொய்."

அண்ணன் என்னை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் கை கீழே இறங்கிவிட்டது. "அத ஏன்டி இங்க சொன்ன?" என்று மட்டும் கேட்டார். டானிக்கைச் சொன்னதற்கு அல்ல, ஆறாம் நாளைச் சொன்னதற்கு. அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் எனக்கு என் அண்ணனாகத் தெரிந்தார். மறு நிமிஷம் குனிந்து, கீழே இறக்கி வைத்திருந்த பாட்டில்களை எண்ணிப் பொறுக்கி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

சின்னப்பொண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "கடையில மொதநாளு நீங்க மெதுவாச் சொன்னீகளே, அன்னைக்கே இம்புட்டுச் சத்தமாச் சொல்லியிருந்தா என்ன?"

நீங்களாக இருந்தால் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரியில் விட்டிருப்பீர்கள். எனக்கு அண்ணன் ஒரு பார்வை பார்த்தது போதுமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போய், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று பேருமாகப் பஸ்ஸைப் பிடித்தோம். அன்று பொழுது சாய்வதற்குள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொண்டோம். பிள்ளை தேறிவிட்டது. இப்போது கண் வெளுத்துவிட்டது. சின்னப்பொண்ணு என்னோடு பேசுகிறாள். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

சரி, அண்ணன் சேதிக்கு வருகிறேன். கொட்டாம்பட்டிப் பக்கம் அந்த டானிக் இனிமேல் போகாது. அண்ணன் என்னைத் தங்கச்சியே இல்லை என்று சொல்லிவிட்டார். வில்லாபுரத்து வீட்டில் எனக்கு இடமில்லை. சொந்தக்காரர்கள் பாதிப்பேர், "பொம்பளைக்குப் படிப்பக் குடுத்தா இப்படித்தேன்" என்கிறார்கள். மீதிப்பேர், "மெதுவாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். மெதுவாகச் சொன்னதில் ஒரு ஆள் செத்ததை அவர்களிடம் சொன்னால், காபி ஆறிப் போகிறது, குடி என்கிறார்கள்.

அண்ணன் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? லேபிளை மாற்றிவிட்டார். இப்போது உங்கள் முகம் இல்லை. தாடி வைத்த ஒரு சாமியாரின் முகம். நூற்றிருபது வயதாம். உள்ளே அதே அண்டா, அதே பாகு. சாயத்தை மட்டும் மாற்றியிருக்கிறார், ரெங்காபாய் கண்டுபிடிக்காத நிறமாக. பச்சை. மூலிகைக்குப் பச்சைதான் பொருத்தம் என்று யாரிடமோ சொன்னாராம்.

உங்கள் முகத்தை மீட்டுவிட்டேன் என்று சந்தோஷப்படத்தான் நினைத்தேன். முடியவில்லை. பாட்டில் போய்க்கொண்டேதானே இருக்கிறது? வேறு யாரோ ஒருத்தி அந்தத் தாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிறாள். நீங்கள் அறிந்து வைத்திருந்த அந்தப் பத்துப் பதினைந்து இலையும் இன்னமும் வாய்க்கால் ஓரத்திலும் வேலியிலும் யாரும் சீண்டாமல் கிடக்கின்றன. போகிற வழியில் அதை மிதித்துக்கொண்டுதான் ஜனங்கள் பாட்டில் வாங்கச் சந்தைக்குப் போகிறார்கள்.

என்றாலும் ஒரு வாக்குக் கொடுக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பச்சைப் பாட்டில் வருகிற வியாழக்கிழமை பேரையூர்ச் சந்தைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். நானும் போகிறேன். அண்ணன் வண்டிக்கு எதிரே நிற்பேன். அடுத்த சந்தைக்கும் போவேன், அதற்கு அடுத்ததற்கும். அவர் தாடியை எடுத்துவிட்டு அம்மன் படத்தை ஒட்டினாலும் விட மாட்டேன். மஞ்சள் கண்ணோடு வருகிறவர்களைக் கண்டால், பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார மாட்டேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வருவேன். எனக்குத் தெரியாததை யார் கேட்டாலும், தெரியாது என்று சொல்லுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஆறாம் நாளுக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை மதினி. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

உங்கள் கையால் கண் பெற்ற,
உங்கள் நாத்தனா
பாக்கியம்